கிளினிக் நாளன்று மட்டும் நல்ல பிள்ளை

எங்கட கரையில் சீனி வருத்தம் இல்லாத வீடு குறைவு. கற்பிட்டியில் இருந்து உடப்பு, சிலாபம் வரைக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் அலுமாரிக்கு மேலே ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். பழைய ஷொப்பிங் பேக் ஒன்றுக்குள் மெட்போர்மின் கார்ட் இருக்கும். அதோடு ஒரு பழக்கமும் இருக்கும். கிளினிக் நாளுக்கு இரண்டு மூன்று நாள் முன்னால் தொடங்குகிற திடீர்ப் பத்தியம்தான் அது. சோறு பாதியாகும், தேத்தண்ணி சீனியில்லாமல் வரும், பாவற்காய் சட்டியில் ஏறும், இரவுக்கு இரண்டு கிரேக்கர் பிஸ்கட்டோடு படுக்கை. விடிய வெறும் வயிற்றில் போய் இரத்தம் கொடுத்து, ஃபாஸ்டிங் 118 என்று வந்தால் வீடே சந்தோஷப்படும். டொக்டர் ஏசவில்லை, மருந்து கூடவில்லை. ஆஸ்பத்திரி வாசல் கடையிலேயே ஒரு பணிஸும் பால் தேத்தண்ணியும் ஓடர் பண்ணியாகிவிடும்.

இதைப் பார்த்துச் சிரிக்க நாங்கள் எழுதவில்லை. பயத்தில் செய்கிற வேலை அது. டொக்டர் ஏசுவார், மிஸ் கொப்பியைத் திருப்பிப் பார்த்து முகம் சுளிப்பா, மருந்தைக் கூட்டுவாங்க, கடைசியில் ஊசியில் கொண்டுபோய் விடுவாங்க என்ற பயம். ஆனால் அந்த 118 ஒரேயொரு காலையின் கணக்கு. மாதத்தில் மீதி இருக்கிற நாட்களைப் பற்றிக் கொப்பியில் ஒரு வரியும் இல்லை. கால் விறைப்பதும், கண் மங்குவதும், கிட்னி சத்தமில்லாமல் பழுதாவதும் எழுதப்படாத அந்த நாட்களில்தான்.

எங்கட வாதம் சின்னது. எச்பிஏ1சி என்கிற மூன்று மாதக் கணக்கு ஒவ்வொரு சீனி வருத்தக்காரரின் கொப்பியிலும் வருடத்துக்கு இரண்டு தடவையாவது எழுதப்பட வேண்டும். எழுதினால் மட்டும் போதாது, அது என்ன என்று அவருக்கு விளங்குகிற மொழியில் சொல்லவும் வேண்டும். இந்த இரண்டில் ஒன்று நடந்து மற்றது நடக்காவிட்டால், காசும் இரத்தமும்தான் வீண்.

நாங்கள் வைத்தியபீடம் இல்லை, கலைப்பீடம். ஆனாலும் வீட்டில் ரிப்போர்ட் வாசிக்கிற வேலை எங்களுக்குத்தான். "நீங்க கெம்பஸ் போற பிள்ளதானே மகன், இதுல என்ன போட்டிருக்குண்டு பாத்துச் சொல்லுங்க" என்று உம்மும்மா கேட்டால், 'எங்களுக்குச் சரித்திரமும் பொருளியலும்தான் தெரியும்' என்று சொல்லித் தப்ப முடியாது. வாசிக்கத்தான் வேண்டும். அப்படி வாசித்துத் தேடி விளங்கிக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறோம். மருந்தை மாற்றுவது டொக்டரின் வேலை. கேள்வி கேட்பது எங்கட வேலை.

கருவாட்டில் ஏறின உப்பு

கருவாடு போடுகிற ஊர்க்காரருக்கு இந்த டெஸ்டை விளங்கப்படுத்துவது லேசு. மீனை வெட்டி உப்பில் போட்டால் உப்பு மெல்ல மெல்லச் சதைக்குள் ஏறும். எவ்வளவு உப்பு, எத்தனை நாள் என்பதைப் பொறுத்துக் கடுப்பு வரும். சமைக்கிற அன்று காலையில் மேலோட்டமாகக் கழுவினால் வெளியில் இருக்கிற உப்புத்தான் போகும். உள்ளே ஏறினது ஏறினதுதான்.

இரத்தத்திலும் இது மாதிரி ஒன்று நடக்கிறது. ஓ.எல். விஞ்ஞானத்தில் படித்த செங்குருதிக் கலத்தை நினைவுபடுத்துங்கள். அதற்குள் ஈமோகுளோபின் இருக்கிறது. இரத்தத்தில் ஓடுகிற குளுக்கோஸ் அந்த ஈமோகுளோபினில் தானாகவே போய் ஒட்டிக்கொள்ளும். சீனி கூட இருந்தால் கூட ஒட்டும், குறைய இருந்தால் குறைய ஒட்டும். ஒட்டினது லேசில் கழராது. ஒரு செங்குருதிக் கலம் கிட்டத்தட்ட 120 நாள் வாழும். ஆகவே அதில் ஒட்டியிருக்கிற சீனியை அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதம் இரத்தத்தில் சீனி எப்படி இருந்தது என்பது தெரியும். இப்படிச் சீனி ஒட்டின ஈமோகுளோபினின் வீதம்தான் எச்பிஏ1சி.

உடம்பில் ஒரே நேரத்தில் நேற்றுப் பிறந்த கலமும் இருக்கும், மூன்று மாதக் கிழட்டுக் கலமும் இருக்கும். அதனால் எல்லா நாளும் இந்தக் கணக்கில் சமமாக விழாது. கடைசி ஒரு மாதத்துக்குத்தான் ஏறக்குறைய பாதிப் பங்கு. உண்மையிலேயே ஒரு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டு, நடந்து, மருந்து எடுத்தால் இலக்கம் கொஞ்சம் அசையத்தான் செய்யும். மூன்று நாள் பாவற்காய்க்கு அது அசையாது. இன்னொரு வசதி, இந்த டெஸ்டுக்கு வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. சாப்பிட்டுவிட்டு, எந்த நேரத்திலும் இரத்தம் கொடுக்கலாம். விடிய முதல் பஸ்ஸில் பசியோடு போய், கியூவில் நின்று தலை சுற்றி விழுகிற வயசாளிகளுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இனி இலக்கத்துக்கு வருவோம். குழப்பம் இங்கேதான் கூட. ஃபாஸ்டிங் ரிப்போர்ட்டில் 118, 160, 240 என்று பார்த்துப் பழகின கண்ணுக்கு 8.9 என்பது மிகவும் சின்ன இலக்கம். "ஒம்பது தானே, நூறுக்குள்ள தானே" என்று ஆறுதல் படுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் வேறு வேறு அளவுகோல். ஃபாஸ்டிங் சொல்வது ஒரு டெசிலீட்டர் இரத்தத்தில் எத்தனை மில்லிகிராம் குளுக்கோஸ் என்பதை. எச்பிஏ1சி சொல்வது வீதத்தை. 2008இல் வெளியான ஒரு சர்வதேச ஆய்வு இரண்டையும் பொருத்திப் பார்த்துச் சராசரிக் கணக்கு ஒன்றைத் தந்தது. அதன்படி 6% என்றால் சராசரிச் சீனி 126. 7% என்றால் 154. 8% என்றால் 183. 9% என்றால் 212. 10% என்றால் 240. அதாவது ஒரு புள்ளி கூடினால் கிட்டத்தட்ட 29 மில்லிகிராம் கூடுகிறது. எனவே 8.9 என்பது இரவும் பகலும் சராசரியாக 210 அளவில் ஓடுகிற சீனி. ஆறுதல் பட அதில் ஒன்றும் இல்லை.

பொதுவாகப் பாவிக்கிற எல்லைகள் இவை: 5.7%க்குக் கீழே வழமையானது. 5.7 முதல் 6.4 வரை வருத்தத்துக்கு முந்தின கட்டம், கவனமாக இருந்தால் தள்ளிப்போடக்கூடிய இடம். 6.5உம் அதற்கு மேலும் நீரிழிவு. உடம்பில் குணம் குறி ஒன்றும் இல்லாவிட்டால் ஒரே டெஸ்டை வைத்து முடிவு கட்டாமல் இன்னொரு தடவை பார்த்து உறுதி செய்வார்கள். உலக சுகாதார நிறுவனம் 2011இல் இந்த 6.5ஐ நோயைக் கண்டுபிடிக்கும் எல்லையாக ஏற்றுக்கொண்டது. சில ரிப்போர்ட்டில் வீதத்துக்குப் பக்கத்தில் 48, 53, 64 என்று வேறு ஒரு இலக்கமும் இருக்கும். அது அதே அளவின் இன்னொரு அலகு, பயப்பட வேண்டாம். 48 என்றால் 6.5%, 53 என்றால் 7%, 64 என்றால் 8%.

தெஹ்ரானில் இருந்து வந்த இலக்கம்

இதன் கதையும் தெரிந்திருப்பது நல்லது. 1960களின் கடைசியில் தெஹ்ரானில் சாமுவேல் ரஹ்பர் என்கிற விஞ்ஞானி, வழமைக்கு மாறான ஈமோகுளோபின் வகைகளைத் தேடி நோயாளிகளின் இரத்தத்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார். நீரிழிவு இருப்பவர்களின் இரத்தத்தில் வித்தியாசமான ஒரு கீற்று திரும்பத் திரும்பத் தெரிந்தது. 1968இல் அதை எழுதி வெளியிட்டார். அது சீனி ஒட்டின ஈமோகுளோபின் என்பதும், அதை வைத்து நோய் கட்டுப்பாட்டில் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்பதும் 1970களில் தெளிவானது.

இலக்கத்தைக் குறைத்தால் உண்மையில் நன்மை உண்டா என்பதற்கு 1993 வரை காத்திருக்க வேண்டி வந்தது. அமெரிக்காவிலும் கனடாவிலும் முதலாம் வகை நீரிழிவுள்ள 1441 பேரைப் பல வருடம் பின்தொடர்ந்த ஆய்வு அந்த வருடம் வெளியானது. ஒரு குழுவுக்கு எச்பிஏ1சி 7% அளவில், மற்றதற்கு 9% அளவில். 7% குழுவில் கண்ணின் விழித்திரைப் பாதிப்பு புதிதாக வரும் வாய்ப்பு 76% குறைந்தது. எங்கட வீடுகளில் கூடுதலாக இருக்கிற இரண்டாம் வகைக்குப் பிரித்தானியாவில் 5000க்கு மேற்பட்டவர்களை வைத்து நடந்த ஆய்வு 1998இல் முடிவு சொன்னது. அதிலும் 7.9க்கும் 7.0க்கும் இடைப்பட்ட அந்தச் சின்ன வித்தியாசம் கண், கிட்னி போன்ற சிறு இரத்தக்குழாய்ப் பாதிப்புகளைக் கால்வாசி குறைத்தது. ஒரு புள்ளி என்பது வெறும் ஒரு புள்ளி இல்லை என்று நாங்கள் சொல்வது இதை வைத்துத்தான்.

அப்படியானால் குறையக் குறைய நல்லதா? இல்லை. 2008இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்துகொண்டிருந்த இன்னொரு பெரிய ஆய்வில், இருதய ஆபத்துக் கூடின நோயாளிகளின் எச்பிஏ1சியை 6%க்குக் கீழே கொண்டுவர மருந்தை இறுக்கினார்கள். இறப்புக் கூடினதால் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்த வேண்டி வந்தது. அதனால்தான் இப்போது பெரும்பாலான ஆட்களுக்கு 7% அளவு என்றும், வயசாளிகளுக்கும் வேறு வருத்தங்கள் உள்ளவர்களுக்கும் 8% வரை விடலாம் என்றும் ஆளுக்கு ஆள் இலக்கு வைக்கிறார்கள். எழுபத்தைந்து வயது மூத்தாப்பாவின் 7.8ஐயும் முப்பத்தைந்து வயது நானாவின் 7.8ஐயும் ஒரே தராசில் போடக்கூடாது. பக்கத்து வீட்டுக்காரரின் இலக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்து மருந்தைக் கூட்டுவதும் குறைப்பதும் அதைவிட மோசம்.

இலக்கமும் பிழைக்கும்

இந்த டெஸ்ட் செங்குருதிக் கலத்தின் ஆயுளை நம்பி நிற்கிறது. கலத்தின் ஆயுள் மாறினால் கணக்கும் மாறும். இரும்புச்சத்துக் குறைவால் வரும் இரத்தச்சோகை இருந்தால், சீனி கூடாமலேயே இலக்கம் கூடக் காட்டலாம். இரத்தம் இழந்தவர்கள், அண்மையில் இரத்தம் ஏற்றியவர்கள், கலம் சீக்கிரம் அழிகிற வகை இரத்தச்சோகை உள்ளவர்கள் ஆகியோருக்கு மாறாகக் குறையக் காட்டலாம். கிட்னி நன்றாகப் பழுதானவர்களிலும், பிள்ளை வயிற்றில் இருக்கிற காலத்திலும் இந்த இலக்கத்தை மட்டும் நம்ப முடியாது. கர்ப்பகாலச் சீனிக்குக் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்துப் பார்க்கிற டெஸ்ட் இருப்பது சும்மா இல்லை.

எங்கட மாகாணத்துக்கு இதில் ஒரு தனிக் கவனம் தேவை. தலசீமியா நோயாளிகள் கூடுதலாக இருக்கிற இடங்களில் வடமேல் மாகாணமும் ஒன்று. நாட்டின் பெரிய தலசீமியா சிகிச்சை நிலையம் குருநாகலில் இருப்பதும் அதனால்தான். மலேரியா பல தலைமுறையாக இருந்த நிலங்களில் இந்த மாதிரி ஈமோகுளோபின் மாற்றங்கள் கூட இருக்கும் என்று விஞ்ஞானிகள் விளக்குகிறார்கள். மலேரியா 2016இல் இலங்கையை விட்டுப் போய்விட்டதாக உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. ஆனால் அது இரத்தத்தில் விட்டுப்போன அடையாளம் போகவில்லை. ரஹ்பர் மாறுபட்ட ஈமோகுளோபினைத் தேடிப் போய்த்தான் இந்த டெஸ்டுக்கு வழி திறந்தார். இன்றைக்கு அதே மாறுபட்ட ஈமோகுளோபின்தான் சில இடங்களில் டெஸ்டைக் குழப்புகிறது.

ஆகவே வீட்டில் யாருக்காவது தலசீமியா இருந்தால், அல்லது இரத்தம் குறைவு என்று மருந்து எடுத்தால், எச்பிஏ1சி எடுக்கும்போது அதை டொக்டரிடம் சொல்ல வேண்டும். ஃபாஸ்டிங்கும் சாப்பிட்ட பிறகு பார்க்கிற சீனியும் ஒரு கதை சொல்லி, எச்பிஏ1சி வேறு கதை சொன்னால், "ஏன் இப்படி?" என்று கேட்க வேண்டும். லாப் பிழை என்று சொல்லி ரிப்போர்ட்டைக் கிழிப்பதும், மெஷின் சொன்னால் சரிதான் என்று மருந்தைக் கூட்டுவதும் இரண்டுமே அவசரம்.

கடல், வாடி, நோன்பு

இவ்வளவு குறை இருந்தும் நாங்கள் இந்த டெஸ்டுக்கு ஏன் வாதாடுகிறோம்? எங்கட ஆட்களின் வாழ்க்கை மாதாமாதம் ஒரே மாதிரி ஓடுவதில்லை என்பதால்தான்.

சோழகக் காற்றுத் தொடங்கினால் உடப்புப் பக்கத்து மீனவக் குடும்பங்கள் முல்லைத்தீவு, திருகோணமலைக் கரைக்கு வாடிக்குப் போகும். மாதக்கணக்கில் அங்கேதான். இரவில் கடல், பகலில் நித்திரை, நேரம் தப்பின சாப்பாடு, களைப்புக்குச் சீனி கொட்டின தேத்தண்ணி. கிளினிக் திகதி தவறும், மருந்து முடியும், பார்மசியில் கொஞ்சம் வாங்கிச் சமாளிப்பார்கள். ஊசி போடுகிறவராக இருந்தால் மருந்துக் குப்பியை மீன் ஐஸ் பெட்டிக்குள் வைப்பார். குளிர் நல்லதுதானே என்ற நினைப்பு. இன்சுலின் உறைந்தால் பழுதாகிவிடும் என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஊருக்குத் திரும்பி, மூன்று நாள் பத்தியம் பிடித்து, கிளினிக்கில் 125 காட்டினால் வாடியில் நடந்த எதுவும் வெளியே வராது. எச்பிஏ1சி 10.2 என்று வந்தால், அறையில் இருக்கிற டொக்டருக்கு ஒரு கேள்வி பிறக்கும். அங்கே என்ன நடந்தது? அந்தக் கேள்வியில் இருந்துதான் ஐஸ் பெட்டிக் கதை வெளியே வரும்.

நோன்பும் அப்படித்தான். 2001இல் பதின்மூன்று நாடுகளில் பன்னிரண்டாயிரத்துக்கு மேற்பட்ட முஸ்லிம் நீரிழிவு நோயாளிகளைப் பார்த்த ஓர் ஆய்வில், ரமழானில் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்குவது மற்ற மாதங்களை விட இரண்டாம் வகையினரில் ஏழரை மடங்கு கூடியிருந்தது. நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் நோன்பை விட எங்கட வாப்பாமாருக்கு மனம் வராது. அப்படியானால் நோன்புக்கு ஆறு எட்டு வாரத்துக்கு முன்பே டொக்டரைக் காண வேண்டும். அப்போது கையில் மூன்று மாதக் கணக்கு இருந்தால், இவர் பிடிக்கலாமா, எந்த மருந்தை எந்த நேரத்துக்கு மாற்றுவது என்று பேச ஒரு ஆதாரம் இருக்கும். அதேநேரம் இதையும் மறக்கக்கூடாது: எச்பிஏ1சி ஒரு சராசரி. அஸருக்குப் பிறகு 55க்கு இறங்கி, இஃப்தாருக்குப் பிறகு பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, ரோல்ஸ் என்று 300க்கு ஏறினாலும் சராசரி அழகாக 7இல் நிற்கலாம். இறக்கத்தைப் பிடிக்க விரல் நுனியில் குத்திப் பார்க்கிற மீட்டர்தான் வேண்டும். குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியும் என்ற பயத்தையும் ஆலிம்களிடம் கேட்டுத் தீர்த்துக்கொள்ளலாம்.

கைமருந்துச் சண்டைக்கும் இந்த டெஸ்ட் நல்ல நடுவர். கொத்தலஹிம்புட்டு மரக்கோப்பையில் இரவு தண்ணீர் ஊற்றி வைத்து விடியக் குடிக்கிற வீடுகள் எங்கட பக்கம் இருக்கின்றன. "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று நாங்கள் துள்ள வேண்டியதில்லை. 2005இல் வெளியான இலங்கை ஆய்வு ஒன்றில், யாருக்கு எது கொடுக்கப்பட்டது என்று நோயாளிக்கும் டொக்டருக்கும் தெரியாமல், மூன்று மாதம் கொத்தலஹிம்புட்டுத் தேயிலையும் மூன்று மாதம் வெறும் தேயிலையும் கொடுத்துப் பார்த்தார்கள். எச்பிஏ1சி கொஞ்சம் குறைந்தது உண்மை. அது சின்ன ஆய்வு, குறைந்த அளவும் சின்னது. அவர்கள் தங்கட மாத்திரையை நிறுத்தவும் இல்லை. அம்மம்மா குடிக்கட்டும், மாத்திரையையும் போடட்டும், டொக்டரிடமும் சொல்லட்டும். மூன்று மாதம் கழித்து இலக்கம் பேசும். கருப்பட்டி சீனி இல்லை, தேன் சீனி இல்லை என்ற வாதத்துக்கும் இதே பதில்தான்.

கொப்பியில் எழுதுங்கள், தமிழில் சொல்லுங்கள்

2005–06இல் நடந்த தேசிய ஆய்வில் இலங்கையில் இருபது வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.3% பேருக்கு நீரிழிவு. அவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலானவர்களுக்குத் தங்களுக்கு வருத்தம் இருப்பதே தெரியாது. 2018–19இல் நடந்த இன்னொரு தேசிய ஆய்வு வளர்ந்தவர்களில் 23% என்றது. இன்னும் 30.5% பேர் முந்தின கட்டத்தில். இரண்டு ஆய்வின் முறையும் வேறு, நேருக்கு நேர் ஒப்பிடுவது சரியில்லை. ஆனாலும் போகிற திசை விளங்குகிறது.

இந்த நிலையில் எங்கட பக்கத்துச் சாதாரணக் கிளினிக்கில் மாதாமாதம் பார்ப்பது பெரும்பாலும் ஃபாஸ்டிங்தான். எச்பிஏ1சி வேண்டுமென்றால் "வெளியில எடுத்துக்கொண்டு வாங்க" என்று துண்டு எழுதித் தருவார்கள். வெளியில் என்றால் தனியார் லாப். கூலிக்குப் போகிற வீட்டில், உப்பளத்தில் வேலை செய்கிற வீட்டில் அது சின்னக் காசு இல்லை. கற்பிட்டி முனையில் இருப்பவருக்குப் புத்தளத்துக்குப் பஸ் ஏறினால் ஒரு நாள் உழைப்பும் போகும். துண்டு கொப்பிக்குள்ளேயே மடிந்து கிடக்கும்.

நாட்டில் காசில்லை என்பது எங்களுக்கும் தெரியும். 2022இல் மருந்துக்கே ஆஸ்பத்திரிகள் தவித்ததை எல்லாரும் பார்த்தோம். அதனால் எல்லாருக்கும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்று நாங்கள் கேட்கவில்லை. சீனி கட்டுப்பாட்டில் நிற்பவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு தடவை போதும் என்றுதான் சர்வதேச வழிகாட்டல்களே சொல்கின்றன. மருந்து மாற்றினவர்களுக்கும் கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கும் மட்டும் மூன்று மாதத்துக்கு ஒன்று. ஆளை அங்கேயிங்கே அலைக்காமல் கிளினிக்கிலேயே இரத்தத்தை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி லாப்புக்கு அனுப்பலாம். இரத்தம் போகட்டும், வயசாளி வீட்டில் இருக்கட்டும். ஒரு காலை வெட்டுவதற்கும், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை கிட்னி மெஷினில் படுக்க வைப்பதற்கும் அரசாங்கம் செலவழிப்பதைப் பார்த்தால், எது மலிவு என்று கணக்குப் பார்க்கப் பொருளியல் டிகிரி தேவையில்லை.

மொழிக்கு வருவோம். ரிப்போர்ட் இங்கிலீஷில். டொக்டர் அநேகமாகச் சிங்களத்தில் பேசுவார். நோயாளி தமிழ். நடுவில் யாராவது ஒரு அட்டெண்டன்ட், அல்லது கியூவில் பின்னால் நிற்கிற ஆள் மொழிபெயர்ப்பார். "சீனி கூடவாம், சோத்தக் குறைக்கட்டாம்." ஐந்து நிமிட உபதேசம் நான்கு சொல்லில் முடியும். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதியாயிற்று. நெம்போர்டில் அது இருக்கிறது. நோயாளியின் இலக்கத்துக்கு வந்து சேரவில்லை. நாங்கள் கேட்பது கொப்பியின் உள் அட்டையில் ஒட்டுகிற ஒரு துண்டுக் கடதாசி. தமிழில், சிங்களத்தில். உங்கட மூன்று மாதக் கணக்கு இவ்வளவு, போன தடவை இவ்வளவு, உங்களுக்கு வைத்த இலக்கு இவ்வளவு. மூன்று கட்டம். ஒரு பென்சில் போதும்.

இலக்கத்தை மார்க்ஸ் மாதிரிப் பார்க்கிற பழக்கமும் போக வேண்டும். ஏசினால் சீனி குறையாது, ஆள்தான் கிளினிக்குக்கு வராமல் விடுவார். 9.4 என்று வந்த உம்மாவை "சொன்னாக் கேக்கிறீங்களா?" என்று கத்துவதற்கு முன்னால், அவ சமைக்கிற சோறு எல்லாரும் சாப்பிட்டு மிஞ்சினதுதானே, அவவுக்கு நடக்கப் போக நேரம் யார் கொடுத்தது, கான் கட்டாத இந்த ரோட்டில் விடியக் கருக்கலில் ஒரு பெண் எங்கே நடப்பது என்று வீட்டில் உள்ளவர்களும் கேட்டுக்கொள்ள வேண்டும். எச்பிஏ1சி அவவின் இரத்தத்தில் எடுத்தது என்றாலும் அந்த இலக்கத்தில் குடும்பத்துக்கும் ஊருக்கும் பங்கு இருக்கிறது. 9.4 அடுத்த தடவை 8.6 என்று வந்தால் அது வெற்றி. அதைச் சொல்லிப் பாராட்டவும் வேண்டும்.

கடைசியாக, எங்களைப் போல வீட்டில் ரிப்போர்ட் வாசிக்கிற வேலை பார்க்கிறவர்களுக்கு. அடுத்த கிளினிக் நாளுக்குக் கூடப் போங்கள். டொக்டரிடம் மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள்: மூன்று மாதக் கணக்குக் கடைசியாக எப்ப எடுத்தது? இவருக்கு எவ்வளவில் நிற்க வேண்டும்? அங்கே போய்ச் சேர இந்த மூன்று மாதத்தில் எந்த ஒரு விஷயத்தை மாற்றினால் நல்லது? பதிலைத் தமிழில் கொப்பியில் எழுதித் திகதி போடுங்கள். காலில் புண் இருக்கிறதா என்று வீட்டில் குனிந்து பாருங்கள். கண்ணும் பிரஷரும் சிறுநீரும் பார்த்தாயிற்றா என்றும் கேளுங்கள், ஏனென்றால் எச்பிஏ1சி நல்லாயிருந்தாலும் அவை தனித்தனிக் கணக்கு. கிளினிக்குக்கு முதல் நாள் அவர் வழமையாகச் சாப்பிடுகிறதையே சாப்பிடட்டும். உள்ளதைப் பார்த்தால்தானே டொக்டருக்கும் மருந்து எழுத முடியும்.